ரேட்டைக் கேட்பதற்கு முன் எழுத வேண்டிய தாள்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் படம் இது. உறவுக்காரர் யாராவது வீட்டை மராமத்து பார்க்கக் கிளம்பியிருப்பார். கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனைப் போட்டோ எடுத்து அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருப்பார்: "ரேட் சரியா இருக்கா பாரேன்."

எங்கள் குடும்பத்தில் வீட்டு வேலை என்றால் என் பெயர்தான் அடிபடும். தாம்பரம் பக்கத்தில் அப்பா 1980களில் கட்டிய வீடு, மாமியாரின் ஃபிளாட், அண்ணன் வாங்கிய பழைய வீடு என்று மேஸ்திரிகளோடு பேசிப் பேசியே பழகிவிட்டது. அதனால் படம் எனக்கு வந்துவிடும். தாளில் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்:

பாத்ரூம் ரெனோவேஷன் கம்ப்ளீட் – 2
எலெக்ட்ரிக்கல் வேலை – முழு வீடு
பெயிண்டிங் – உள், வெளி
மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்
இதர சில்லறை வேலைகள்

அடியில் ஒரு மொத்தத் தொகை. ஓரத்தில், "50% அட்வான்ஸ்".

இந்த ரேட் சரியா, தப்பா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. எதற்கு ரேட் என்றே தாளில் இல்லையே! கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் லிஸ்ட் எழுதும்போது நாம் எப்படி எழுதுகிறோம்? எத்தனை பந்தி, காலை டிபனுக்கு என்னென்ன, பாயசம் ஒன்றா இரண்டா, இலை யார் வாங்குவது, பரிமாற ஆள் அவரா நாமா என்று அரை நாள் உட்கார்ந்து பேசுகிறோம். "சாப்பாடு கம்ப்ளீட்" என்று ஒரு வரி எழுதி யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அதைவிடப் பல மடங்கு பணம் போகும் வீட்டு வேலைக்கு மட்டும் ஐந்து வரி போதும் என்று விட்டுவிடுகிறோம்.

அந்த ஐந்து வரியை எப்படி விரிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. கான்ட்ராக்டர்கள் இதை "ஸ்கோப்" என்பார்கள். நான் வேலை விவரத் தாள் என்று சொல்லிக்கொள்கிறேன். நமது தாளை நாம்தான் எழுத வேண்டும், ரேட் கேட்பதற்கு முன்பே எழுத வேண்டும். அவரை எழுதச் சொன்னால் அவருக்கு வசதியான ஐந்து வரிதான் வரும்.

மூன்று கொட்டேஷன், மூன்று வேறு வேலை

"மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கு, நடுவுல இருக்கறதை எடு" என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விரிசலை அடைத்து மேலே இரண்டு கோட் வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கக் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் பழைய தட்டோட்டின் இணைப்புகளைச் சுரண்டி மறுபடி பூசி, அதன்மேல் கூல் ரூஃப் டைல்ஸ் பதிக்கக் கணக்குப் போட்டிருப்பார். மூன்றாமவர் தட்டோட்டையும் அதன் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி சுண்ணாம்பையும் முழுதாகப் பெயர்த்தெடுத்து, ஸ்லாபின் மேல் கோட்டிங் அடித்து, புதிதாக வெதரிங் கோர்ஸ் போட நினைத்திருப்பார். மூன்று தாளிலும் எழுதியிருப்பது "மொட்டை மாடி வாட்டர் ப்ரூஃபிங்".

இதில் குறைந்த ரேட் சொன்னவர் மலிவானவர் இல்லை, குறைந்த வேலை சொன்னவர். நாம் ஒரே தாளை எழுதி மூன்று பேருக்கும் கொடுத்தால்தான் நடு ரேட், கீழ் ரேட் என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும்.

அரசாங்க வேலைகளில் இது ஆதிகாலப் பழக்கம். பொதுப்பணித்துறை ஒரு கழிப்பறை கட்டினாலும் வரைபடம், பொருள்–செய்முறை விவரம், அளவு, ரேட் என்று நான்கும் தனித்தனியாக இருக்கும். நாம் அந்த நான்கில் கடைசியை மட்டும் எடுத்துக்கொண்டு பேரம் பேசுகிறோம்.

சண்டை பிறக்கும் சந்து

என் அனுபவத்தில் ஒரு வேலைக்குள் சண்டை வருவது குறைவு. கொத்தனார் பூசத் தெரியாமல் வரவில்லை, டைல்ஸ்காரருக்கு டைல்ஸ் ஒட்டத் தெரியும். சண்டை வருவது இரண்டு வேலைக்கு நடுவில் இருக்கும் சந்தில்.

எலெக்ட்ரீசியன் சுவரைக் கொத்திக் குழாய் பதிக்கிறார். அந்தக் காடியை மூடுவது யார்? "சிமென்ட் வேலை எனக்கு வராதுங்க, கொத்தனாரு பாத்துப்பாரு" என்று போய்விடுவார். கொத்தனாரைக் கேட்டால், "என் கணக்குல பாத்ரூம் பூச்சு மட்டும்தாம்மா, ஹால் சுவரு வரல" என்பார். யாரோ ஒருவர் அவசரமாக மூடிவிட்டுப் போவார். பெயிண்டர் வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மட்டமே இல்ல. புட்டி ஏகத்துக்கும் இழுக்கும், எக்ஸ்ட்ரா ஆகும்" என்பார். மூவரும் சொல்வது நியாயம்தான். யாருடைய வேலையிலும் சேராமல் நடுவில் விழுந்த வேலை அது. அந்தப் பணம் நம் பையிலிருந்து போகும்.

இந்தச் சந்துகள் எண்ணித் தீராதவை அல்ல. பழைய வீட்டு வேலையில் திரும்பத் திரும்ப வருபவை இவை:

பழைய டைல்ஸை எடுக்காமல் அதன்மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். கதவு திறக்காது. அடியை இழைத்துக் கொடுப்பது ஆசாரியா, டைல்ஸ்காரரா? கதவைக் கழற்றி மாட்டும் கூலி யாருடையது?

சுவருக்குள் மறையும் ஷவர் வால்வை பிளம்பர் முதலில் பதிக்கிறார். அதன்மேல் பூச்சு, பிறகு டைல்ஸ். இரண்டும் சேர்ந்து எவ்வளவு கனம் வரும் என்று டைல்ஸ்காரரிடம் கேட்காமல் பதித்தால், கடைசியில் கைப்பிடி சுவருக்குள் புதைந்து நிற்கும், இல்லையென்றால் துருத்திக்கொண்டு நிற்கும். வால்வு எந்த ஆழத்தில் என்பதைப் பூச்சுக்கு முன் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

ஏசிக்குச் சுவரில் ஓட்டை போடுவது யார்? ஏசி மாட்ட வருபவர் போட்டால் பெயிண்ட் அடித்த சுவரில் போடுவார். தண்ணீர் வடியும் குழாயைச் சுவருக்குள் விட வேண்டுமென்றால் அது பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பெயிண்டர் சிந்தியதைப் புது டைல்ஸிலிருந்து சுரண்டுவது, வேலை முடிந்ததும் ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பது, கழற்றிய ஃபேனையும் திரைக்கம்பியையும் திரும்ப மாட்டுவது – இவை எல்லாமே ஆளில்லாத வேலைகள்.

தாளை எழுதும்போது வேலைகளை எழுதுவதோடு நிற்காமல், ஒவ்வொன்றின் முடிவிலும் "இதற்கு அடுத்து கை வைப்பவர் யார், அவருக்கு இதை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும்?" என்று கேட்டு ஒரு வரி சேருங்கள். முழு வீட்டையும் ஒரே கான்ட்ராக்டரிடம் விட்டாலும் இது தேவை. அவருக்குக் கீழே வருபவர்களும் தனித்தனியாகக் கூலி பேசி வருபவர்கள்தான்.

ஒரு பாத்ரூமை எழுதிப் பார்ப்போம்

"பாத்ரூம் ரெனோவேஷன் கம்ப்ளீட்" என்ற வரியை எடுத்துக்கொள்கிறேன். அப்பா வீட்டுக்கு நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

1. பழைய தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், அவற்றின் அடியிலுள்ள சிமென்ட் எல்லாவற்றையும் உடைத்து எடுத்தல். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவது கிடையாது.
2. பழைய வாஷ்பேசின், குழாய்களை உடையாமல் கழற்றி வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தல்.
3. உடைக்கும் முன் கழிவுக் குழாய் வாய்களை அடைத்தல். அதில் ஜல்லி விழுந்து அடைத்துக்கொண்டால் சரிசெய்வது கான்ட்ராக்டர் பொறுப்பு.
4. பழைய ஜிஐ குழாய்களை அகற்றி, தண்ணீர் லைன் முழுவதும் சிபிவிசி. மூடுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தல். ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்தல்.
5. தரையிலும் சுவரில் ஓர் அடி உயரம் வரையிலும் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை. ஷவர் இருக்கும் சுவரில் ஏழு அடி வரை. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய் வெளிவரும் இடங்களிலும் தனியாக அடைப்பு.
6. கோட்டிங் காய்ந்த பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிவைத்தல். கீழ்த்தளத்தின் கூரையை வீட்டுக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து பார்த்த பிறகே டைல்ஸ்.
7. தரை வாட்டம் அடிக்கு ஒரு நூலுக்குக் குறையாமல், நஹானி ட்ராப் பக்கம். பாத்ரூம் தரை, அறைத் தரையைவிடக் குறைந்தது அரை அங்குலம் தாழ்வு. வாசலில் கிரானைட் படி.
8. டைல்ஸ் போட்டதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எங்கும் தேங்காமல் வடிவதைக் காட்டுதல்.
9. டைல்ஸ் வீட்டுக்காரர் வாங்கித் தருவார். வெட்டுச் சேதாரம் கணக்கில் சேர்த்தது. மீதமாகும் முழு டைல்ஸ் வீட்டுக்கே.
10. வெட்டிய துண்டு டைல்ஸ் கதவுக்குப் பின்பக்க மூலையில் வர வேண்டும், கண்ணில் படும் சுவரில் முழு டைல்ஸிலிருந்து ஆரம்பம்.
11. கதவு அடி இழைப்பு, கழற்றி மாட்டும் கூலி இதில் அடக்கம்.
12. கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது அடக்கம். அவற்றின் விலை அடக்கம் இல்லை.

ஒரு வரி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆறாவது வரியைத்தான் கான்ட்ராக்டர்கள் தயக்கத்தோடு பார்ப்பார்கள். "ரெண்டு நாள் வேலை நிக்குமே மேடம்." நிற்கட்டும். மாமியாரின் ஃபிளாட் மாதிரி கீழே வேறொரு குடும்பம் இருக்கும் இடத்தில் அந்த இரண்டு நாள் நமக்கு அமிர்தம். டைல்ஸ் போட்டபின் கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும். அப்போது தவறு பிளம்பருடையதா, கோட்டிங் அடித்தவருடையதா என்ற பஞ்சாயத்து வேறு.

ஏழாவது வரியில் நூல் கணக்கில் எழுதியிருப்பதும் காரணத்தோடுதான். எட்டு நூல் ஓர் அங்குலம். நம் கொத்தனார்கள் ரசமட்டத்தை வைத்துவிட்டு நூல் கணக்கில்தான் பேசுகிறார்கள். "ஒரு சதவீதச் சரிவு" என்று எழுதினால் தாள் அழகாக இருக்கும், தரையில் தண்ணீர் தேங்கும்.

"நல்ல குவாலிட்டி" எவ்வளவு நல்லது?

கொட்டேஷன்களில் எனக்கு எரிச்சலூட்டும் சொற்கள் "நல்ல தரமான", "பிராண்டட்". பெயிண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியன் பெயின்ட்ஸ் என்று மட்டும் எழுதினால் அது டிராக்டர் எமல்ஷனாகவும் இருக்கலாம், ராயலாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே கம்பெனி, விலை வேறு, கழுவினால் தாங்குவதும் வேறு. கம்பெனி, அதில் எந்த ரகம், எத்தனை கை என்று மூன்றும் வேண்டும். "பழைய பெயிண்ட் உரியும் இடத்தைச் சுரண்டி, புட்டி இரண்டு கை, தேய்ப்பு, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. டப்பா சீல் வீட்டிலேயே பிரிக்க வேண்டும்" – இது ஒரு முழு வரி.

ஒயரிங்குக்கும் அப்படித்தான். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4. தனித்தனி எம்சிபி, போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, எல்லா பிளக்குக்கும் எர்த். பழைய வீடுகளில் எர்த் ஒயரே இல்லாத பாயின்ட்டுகள் நிறைய உண்டு. "ரீ-ஒயரிங்" என்று மட்டும் எழுதினால் ஸ்விட்சை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஒயரை உள்ளேயே விட்டுவிட இடம் இருக்கிறது. "பழைய ஒயர் முழுவதும் உருவி எடுத்து ஒப்படைக்க வேண்டும்" என்ற வரி அந்த இடத்தை அடைத்துவிடும். எடுத்த செம்புக்குப் பழைய சாமான் கடையில் காசு உண்டு என்பதால் அது யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

டைல்ஸ், குழாய் போன்றவற்றை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் ஒரு வரம்பு வையுங்கள்: "டைல்ஸ் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை கொட்டேஷனில் சேர்ந்தது. கூடினால் வித்தியாசம் வீட்டுக்காரர் தருவார், குறைந்தால் கழித்துக்கொள்ளப்படும்." கூடினால் என்பதை எல்லோரும் எழுதுவார்கள், குறைந்தால் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

எதை எப்படி அளப்பது

சதுர அடி ரேட் என்றதும் சந்தோஷப்படாதீர்கள். எந்தச் சதுர அடி? பெயிண்டிங்கில் சிலர் சுவரை அளப்பார்கள், சிலர் தரைப் பரப்பை மூன்றாலோ மூன்றரையாலோ பெருக்கிச் சுவர்ப் பரப்பு என்று வைத்துக்கொள்வார்கள். பெரிய ஜன்னல்கள் உள்ள வீட்டில் இரண்டுக்கும் எக்கச்சக்க வித்தியாசம். அலமாரிக்கு ஆசாரி சொல்லும் ரேட் பெரும்பாலும் முன்பக்கப் பரப்புக்கு. பரண் கதவு அதில் வருமா, தனியா? டைல்ஸுக்குச் சதுர அடி, சுவரோரம் ஓடும் ஸ்கர்ட்டிங்குக்கு ஓட்ட அடி.

கதவு, ஜன்னல் கழிப்பும் வம்புக்கு உரிய விஷயம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 1200 அளவெடுப்புக்கென்றே வந்தது. பூச்சு வேலையில் அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குக் கழிப்பு இல்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, சுவரின் இருபுறமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஜன்னலின் உள்பக்க விளிம்புகளைப் பூசும் உழைப்புக்கு ஈடாக அந்தச் சலுகை. நீங்கள் அதை அப்படியே பின்பற்றலாம், வேறு மாதிரியும் பேசிக்கொள்ளலாம். எதுவானாலும் தாளில் இருக்கட்டும். வேலை முடிந்து பில் வரும் நாளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு கழிப்பா இல்லையா என்று பேசுவது இருவருக்கும் கௌரவக் குறைச்சல்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

புது வீடு கட்டுவதில் எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிவிடலாம். பழைய வீட்டில் உடைத்தால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. கூரைக் காரை பெயர்ந்த இடத்தில் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். உதிர்த்துப் பார்த்தால் கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கும். அது இரண்டு சதுர அடியில் நிற்கிறதா, அறை முழுக்கப் போகிறதா என்று எந்தக் கான்ட்ராக்டராலும் முதல் நாள் சொல்ல முடியாது. மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட பழங்காலத்து வீடு என்றால், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைகள் உளுத்திருக்கின்றனவா என்பதும் திறந்தால்தான் தெரியும்.

தெரியாததற்கு மொத்த ரேட் கேட்டால் கெட்டிக்காரர் பயத்தையும் சேர்த்து விலை சொல்வார், அப்பாவி குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் ஓடுவார். இரண்டும் வேண்டாம். தெரியாத வேலைக்கு அளவு போடாமல் ரேட்டை மட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். "துருப்பிடித்த கம்பி தெரியும் இடங்களில்: உதிரும் காங்கிரீட்டைக் கெட்டிப்பகுதி வரை கொத்தி எடுத்து, கம்பியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுப்பு அடித்து, பாண்டிங் கோட் போட்டு, பாலிமர் மார்ட்டரால் நிரப்புதல் – சதுர அடிக்கு இவ்வளவு. கம்பி பெரிதும் தேய்ந்திருந்தால் வேலையை நிறுத்தி இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும்." அளவு தெரியும் நாளில் போட்டோ எடுத்து, சேர்ந்து அளந்து, வாட்ஸ்அப்பில் ஒரு வரி ஒப்புதல். அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

"ஒப்புதல் இல்லாமல் எக்ஸ்ட்ரா இல்லை" என்ற இந்த விதிக்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70ஆவது பிரிவில், இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் உங்களுக்காகச் சட்டப்படி ஒரு வேலை செய்து, அதன் பலனை நீங்கள் அனுபவித்தால், ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. கண்ணெதிரே கூடுதல் வேலை நடக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் "நான் சொல்லவே இல்லையே" என்பது எப்போதும் எடுபடாது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கஷ்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டும் பணியையும் சேவை என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி புகார் கொடுக்கப் போனாலும் முதலில் கேட்பது, என்ன செய்வதாகப் பேச்சு என்பதற்கான தாளைத்தான்.

இதில் இல்லாதவை

தாளின் மிக உபயோகமான பகுதி கடைசியில் வரும் ஒரு சிறு பட்டியல்: எவையெல்லாம் இந்தத் தொகையில் இல்லை. இடிபாட்டை அள்ளி மூட்டை கட்டி வாசலுக்குக் கொண்டுவருவது யார், வண்டி பிடித்து அனுப்புவது யார், எத்தனை லோடு? சென்னையில் கட்டட இடிபாட்டுக்கு என்றே பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் நம்முடைய ஜல்லி பாதி நேரம் பக்கத்துத் தெருக் காலி மனையில்தான் இறங்குகிறது. கழிவை உண்டாக்குபவரே பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. காலி மனைக்காரர் சண்டைக்கு வந்தால் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

மணலை இரண்டாம் மாடிக்கு ஏற்றும் கூலி, சாரம் கட்டும் வாடகை, வேலைக்கு ஆகும் கரண்ட், தண்ணீர் லாரி, ஜிஎஸ்டி உள்ளா வெளியா, ஃபிளாட் என்றால் அசோசியேஷனுக்குக் கட்டும் டெபாசிட், லிஃப்டில் சாமான் ஏற்றலாமா, எத்தனை மணிக்கு மேல் உடைக்கக் கூடாது – இவை எல்லாம் ஒரு பத்தியில் அடங்கும். வேலையாட்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார்கள் என்பதையும் எழுதுங்கள். இருக்கும் ஒரே பாத்ரூமையும் உடைத்துப் போட்டுவிட்டு அதைப் பற்றி யாரும் யோசிக்காமல் இருப்பது நம் வீடுகளில் சகஜம்.

சனிக்கிழமைக் கணக்கு

பணம் கொடுக்கும் வரிசையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை, "வேலை முடிய முடியக் கொடு" என்பது. சரிதான், ஆனால் நம் ஊரில் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கூலி அன்று மாலை கைக்கு வந்தாக வேண்டும். கட்டம் முடியவில்லை என்று நீங்கள் இறுக்கிப் பிடித்தால், மேஸ்திரி வேறொரு சைட்டில் காசு வாங்கி இவர்களுக்குக் கொடுப்பார். திங்கட்கிழமை ஆட்கள் அந்த சைட்டில் நிற்பார்கள்.

அதனால் நான் இரண்டாகப் பிரிக்கிறேன். வாராவாரம் வேலைக்கு வந்த ஆட்களை ஒட்டி ஒரு சிறு தொகை, அது கூலிக்கு. மிச்சம், கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய கட்டங்களுக்கு: தண்ணீர் கட்டிப் பார்த்து முடிந்ததும் இவ்வளவு, ஒயர் இழுத்துச் சுவர் மூடியதும் இவ்வளவு, முதல் கை பெயிண்ட் முடிந்ததும் இவ்வளவு. "50% வேலை முடிந்ததும்" என்று எழுதாதீர்கள், பாதி எது என்பதற்கே ஒரு சண்டை நடக்கும். அட்வான்ஸ் முதல் வாரச் சாமானுக்கும் கூலிக்கும் போதுமான அளவு இருந்தால் போதும்.

கடைசியில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை நிறுத்திவைப்பது வழக்கம். எத்தனை மாதம் என்று கேட்பார்கள். ஒழுகலுக்கு வேலை பார்த்திருந்தால் மாதக் கணக்கு போடாமல் "வடகிழக்குப் பருவமழை முடியும் வரை" என்று எழுதுங்கள். சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். பிப்ரவரியில் முடித்த மொட்டை மாடிக்கு ஆறு மாதம் என்று எழுதினால், பெரிய மழை பார்ப்பதற்குள் உத்தரவாதம் காலாவதியாகிவிடும்.

முடிக்கும் தேதி எழுதும்போது காலண்டரையும் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உள்ளூர் ஆட்கள் இல்லை. வட மாநிலத்துப் பையன்கள் ஹோலிக்கும் சாத் பூஜைக்கும் ஊருக்குப் போய்த் திரும்ப நாளாகும். ஆடியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், தை பிறந்தால் எல்லோரும் அவசரப்படுவார்கள். மராமத்துக்கு ஆள் கிடைப்பதும் இந்த அலையோடுதான் ஏறி இறங்கும்.

தாள் சுவருக்குப் போக வேண்டும்

இவ்வளவையும் அழகாக டைப் செய்து கான்ட்ராக்டரின் போனுக்கு அனுப்பினால் அது அங்கேயே தூங்கும். கரண்டி பிடிப்பவர் அதைப் பார்க்கப் போவதில்லை. தாளைத் தமிழில் எழுதுங்கள், அறை வாரியாக எழுதுங்கள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை அந்த அறைச் சுவரிலேயே ஒட்டுங்கள். டைல்ஸ் போடவும் பெயிண்ட் அடிக்கவும் இப்போது வருபவர்களில் பலருக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே சுவரிலேயே சாக்பீஸால் கோடு போட்டுவிடுவது உத்தமம்: டைல்ஸ் இந்த உயரம் வரை, ஸ்விட்ச் பாக்ஸ் இங்கே, ஷவர் வாய் இங்கே, இந்தச் சுவரில் கை வைக்காதே என்று ஒரு பெரிய பெருக்கல் குறி. பாஷை தேவைப்படாத பட்டியல் அது.

விலை பேசுவதற்கு முன் மேஸ்திரியோடு ஒரு முறை வீட்டைச் சுற்றி நடப்பேன். தாளை அறை அறையாக உரக்கப் படிப்பேன். இரண்டாவது அறைக்கு வருவதற்குள் நல்ல மேஸ்திரி குறுக்கே பேச ஆரம்பித்துவிடுவார். "இந்த சன்ஷேடு அடியில ஓதம் ஏறியிருக்கு, அத எழுதலயே நீங்க?" "பைப் லைன் இப்டி வந்தா அந்த பீம்ல முட்டும், சுத்திக் கொண்டாரணும்." நமக்குத் தெரியாத பத்து சந்துகள் அவருக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிச் சேர்ப்பேன். சில இடங்களில் என் வரியை அடிக்கச் சொல்வார், காரணம் சரியாக இருந்தால் அடித்துவிடுவேன். ஒன்றுமே சொல்லாமல் "எல்லாம் பண்ணிரலாம் மேடம், கவலப்படாதீங்க" என்று கூடவே நடந்து வருபவரிடம் எனக்குக் கவலை அதிகமாகிறது.

அப்படி இருவர் கையும் பட்டுக் கிறுக்கலான தாளைப் புதிதாக எழுதி, இரண்டு நகல் எடுத்து, அதன் பிறகு மற்ற இரண்டு பேருக்கும் அதே தாளைக் கொடுத்து, "இப்ப ரேட் சொல்லுங்க" என்று கேளுங்கள். தாளில் திருத்தம் சொன்னவரின் ரேட் கொஞ்சம் கூடுதலாகவே வந்தாலும் நான் அவரிடம்தான் வேலையைக் கொடுப்பேன். எங்கே எக்ஸ்ட்ரா வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாரே, அந்தப் பணம் அவர் ரேட்டிலேயே இருக்கிறது.